கரங்களால் கற்பித்த ஆசான் லோரான் கிளேர்

கொல்கத்தாவின் தென்பகுதியில் கரியாஹாட் என்னும் நாற்சந்தி உள்ளது. புடவைக் கடைகளும், நடைபாதை வணிகர்களும், மீன் அங்காடியும், மேம்பாலத்தின் அடியில் நெருக்கியடித்துச் செல்லும் வண்டிகளும் நிறைந்த இடம் அது. துர்கா பூஜைக்கு முந்தைய வாரங்களில் அங்கே பக்கத்தில் நிற்பவரின் பேச்சைக் கேட்பதற்கே, காதை அவரது வாயருகே கொண்டுபோக வேண்டியிருக்கும். ஆனால் அந்த இரைச்சல் சிறிதும் தடையாக இல்லாதவர்களும் உண்டு. காது கேளாத இருவர் சாலையின் இரு பக்கங்களிலும் நின்றபடியே, வீட்டுச் செய்தியையும் வேலைச் செய்தியையும் வேடிக்கையையும் கைகளால் பரிமாறிக்கொண்டு செல்ல முடியும். பேசத் தெரிந்த மற்றவர்களோ தொண்டை வறளக் கத்திக்கொண்டிருப்பார்கள். அந்தச் சில நிமிடங்களில் குறையுடையவர் யார் என்ற கேள்வி நியாயமானதே.

கரியாஹாட்டை ஒட்டிய கோல்பார்க்கில் இராமகிருஷ்ண மிஷனின் கலாச்சார நிலையம் உள்ளது. அங்கே இந்திய மொழிகளையும் அயல்நாட்டு மொழிகளையும் கற்க மாணவர்கள் திரள்கிறார்கள். பிறருடைய மொழியைக் கற்பது அவர்களை மதிப்பதன் முதல் படி என்பதை அந்நகரம் நெடுநாட்களாகவே அறிந்திருக்கிறது. ஆயினும் அதே தெருக்களில் கைகளால் பேசப்படுவதும் ஒரு மொழியே, அதற்கும் சொற்களும் இலக்கணமும் உண்டு என்பதை ஏற்க, படித்தவர்களுக்கே நீண்ட காலம் பிடித்தது.

கரியாஹாட்டிலிருந்து வடக்கே சென்றால், ஆசார்ய பிரபுல்ல சந்திரர் சாலையில், அதாவது அன்றைய அப்பர் சர்குலர் சாலையில், காது கேளாதோருக்கான பழமையான பள்ளி ஒன்று உள்ளது. 1893-ஆம் ஆண்டில், சுவாமி விவேகானந்தர் சிகாகோவிற்குக் கப்பலேறிய அதே ஆண்டில், ஸ்ரீநாத் சின்ஹா, ஜாமினிநாத் பானர்ஜி, மோகினி மோகன் மஜும்தார் ஆகியோரின் முயற்சியாலும், சிட்டி கல்லூரி முதல்வர் உமேஷ் சந்திர தத்தரின் ஆதரவாலும் தோன்றியது அது. இவர்களுள் ஜாமினிநாத், கற்பிக்கும் முறையைக் கற்றுவர இங்கிலாந்து சென்றார். பின்னர் அமெரிக்கா சென்று, 1895-96-இல் வாஷிங்டன் நகரிலுள்ள காலடெட் கல்லூரியில் ஆசிரியப் பயிற்சி பெற்றார்.

காது கேளாதோருக்கென்றே அமைந்த அந்த உயர்கல்வி நிலையத்தின் வேரைத் தேடிச் சென்றால், ஒரு பிரெஞ்சுக்காரரிடம் போய்ச் சேர்கிறோம். அவர் ஒரு சொல்கூடக் கேட்டதில்லை. வாயால் பேசுவதில்லை என்று தாமே உறுதி பூண்டவர். லோரான் கிளேர் என்பது அவர் பெயர். உலகெங்கும் காது கேளாதோர் தங்கள் முன்னோராகப் போற்றும் அவருடைய வாழ்க்கை, கொல்கத்தாப் பள்ளிக்கும் நம் நாட்டுச் சைகை மொழிக்கும் எவ்வாறு தொடர்புடையது என்பதைப் பார்ப்போம்.

கன்னத்தில் ஒரு தழும்பு

பிரான்ஸ் நாட்டில் லியோன் நகருக்கு அருகே லா பால்ம் என்ற சிற்றூரில், 1785 டிசம்பர் 26 அன்று கிளேர் பிறந்தார். தந்தை அவ்வூரின் மேயராக இருந்தவர், வசதியான குடும்பம். குழந்தைக்கு ஏறக்குறைய ஒரு வயதானபோது, நாற்காலியிலிருந்து அடுப்பு நெருப்பில் விழுந்து வலது கன்னம் வெந்துபோயிற்று. அவரது செவிப்புலனும் மோப்பப்புலனும் அந்த விபத்தால்தான் போயின என்று வீட்டார் நம்பினர். பிறவியிலேயே அப்படித்தானோ என்ற ஐயம் கிளேருக்கே இருந்தது. எப்படியோ, அந்தத் தழும்பு வாழ்நாள் முழுவதும் நிலைத்தது. காது கேளாதோர் ஒருவரையொருவர் எழுத்துக் கூட்டிப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு சைகைப் பெயர் சூட்டுவார்கள். இரு விரல்களால் கன்னத்தைக் கீழ்நோக்கித் தடவுவதே கிளேரின் பெயராயிற்று. கேட்பவர்களின் உலகில் ஒருவரது தழும்பைச் சுட்டி அழைப்பது அவமரியாதை. அவர்களிடையே அது வெறும் அடையாளம், உரிமையோடு சூட்டப்படுவது. ஒரு சமூகத்தின் வழக்கத்தை நம் அளவுகோலால் அளக்கலாகாது என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

ஏழு வயதில் தாய் அவரை லியோனில் ஒரு வைத்தியரிடம் அழைத்துச் சென்றார். காதில் மருந்து நீரைச் செலுத்தினார்கள், பயனில்லை. அதன்பின் பன்னிரண்டு வயதுவரை அவருக்கு எந்தக் கல்வியும் இல்லை. மாடு மேய்த்தல், குதிரைக்குத் தண்ணீர் காட்டுதல் என்று நாட்கள் சென்றன. வீட்டாருடன் சில கைச்சாடைகளே பேச்சு.

அக்காலத்தில் இது வியப்பன்று. கேள்வியும் பேச்சும் இல்லாதவனுக்குச் சிந்தனையும் இருக்க முடியாது என்று அறிஞர்களே நம்பினர். பிறவியிலேயே கேளாதவன் அறிவைப் போன்ற ஒன்றை எட்டலாமே தவிர, அறிவையே எட்ட முடியாது என்ற கருத்தில் இருந்தார் ஜெர்மானியத் தத்துவ மேதை காண்ட். பேசவும் கேட்கவும் இயலாமல் பிறந்தவர் உயில் எழுத ரோமானியச் சட்டம் இடம் தரவில்லை. நம் நாடும் விலக்கல்ல. பிறவியில் கேளாதவருக்குச் சொத்தில் பங்கில்லை, சோறும் துணியும் மட்டுமே உண்டு என்று மனு ஸ்மிருதி விதித்தது. 1928-இல் இந்தத் தடையை நீக்கிச் சட்டம் இயற்றப்பட்டபோதும், வங்காளத்தில் வழங்கிய தாயபாக முறையினருக்கு அது பொருந்தவில்லை. 1956-இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த பிறகே அவர்களுக்கும் முழு உரிமை கிட்டியது. கொல்கத்தாப் பள்ளியில் பயின்று தொழில் கற்று வெளிவந்த மாணவன், தந்தையின் வீட்டில் சட்டப்படி உரிமையற்றவனாகவே ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்திருக்கிறான்! பள்ளிக்கூடம் எதை எதிர்த்துத் தொடங்கப்பட்டது என்பதைப் புரிந்துகொள்ள இந்த ஒரு செய்தி போதும்.

பாரிஸ் பள்ளி

1797-இல், பன்னிரண்டு வயதை நெருங்கும்போது, சிறிய தந்தையார் கிளேரைப் பாரிஸ் நகரிலிருந்த காது கேளாதோர் பள்ளியில் சேர்த்தார். அதைத் தொடங்கியவர் ஷார்ல் மிஷேல் தெ லெப்பே என்ற பாதிரியார். 1760 வாக்கில் பாரிஸில் ஒரு வீட்டில் காது கேளாத சகோதரிகள் இருவரைச் சந்தித்தது அவரது வாழ்வைத் திருப்பியது. அவர் சைகை மொழியைக் கண்டுபிடித்தவர் என்று பல நூல்கள் எழுதுகின்றன. அது சரியன்று. பாரிஸ் நகரத்துக் காது கேளாதோர் தங்களுக்குள் ஏற்கெனவே ஒரு சைகை மொழியில் பேசி வந்தனர். அவர்களில் ஒருவரான பியேர் தெலோஷ் என்ற புத்தகம் கட்டும் தொழிலாளி, 1779-இல் தாமே நூல் எழுதி இதை வெளிப்படுத்தினார். தெ லெப்பேயின் பெருமை வேறு: கற்பிக்க வந்தவர், முதலில் மாணவரிடம் அமர்ந்து அவர்கள் மொழியைக் கற்றார், அதற்குப் பின்னரே பிரெஞ்சு இலக்கணத்திற்கேற்ற செயற்கைச் சைகைகளை அதனுடன் சேர்த்தார். அச்சேர்க்கை பிற்காலத்தில் நிலைக்கவில்லை, அடிப்படை நிலைத்தது.

கிளேர் சேர்ந்தபோது தெ லெப்பே மறைந்துவிட்டார். சிக்கார் பாதிரியார் தலைமை வகித்தார். ஆனால் கிளேருக்கு உண்மையில் வழிகாட்டியவர் ழான் மசியூ. ஆடு மேய்த்து வளர்ந்தவர். உடன்பிறந்தோர் உட்பட ஆறு பேருமே காது கேளாதவர்கள். அந்தப் பின்னணியிலிருந்து வந்து அப்பள்ளியிலேயே ஆசிரியரானவர். தன்னைப் போன்ற ஒருவர் ஆசானாக நிற்பதைக் காண்பது ஒரு சிறுவனுக்கு என்ன தரும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

அங்கே கசப்பான அனுபவமும் நேர்ந்தது. வாயால் பேசக் கற்றுத்தர ஓர் ஆசிரியர் முயன்றார். 'த'கரத்தின் வல்லோசைக்கும் மெல்லோசைக்கும் உள்ள வேறுபாடு காதால் மட்டுமே அறியத்தக்கது. கிளேருக்கு அது எப்படிப் பிடிபடும்? பொறுமையிழந்த ஆசிரியர் அவரது முகவாயில் ஓங்கி அடித்தார். பற்களுக்கிடையே சிக்கி நாக்கு வெட்டுப்பட்டது. இனி வாயால் பேசக் கற்பதில்லை என்று கிளேர் அன்றே தீர்மானித்தார். எண்பது வயதைக் கடந்தும் அதை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. பிரெஞ்சு மொழியை அழகாக எழுதினார், ஆங்கிலத்தையும் பின்னர் அப்படியே எழுதினார், பேச்சோ கைகளால்தான்.

1806-இல் அவர் அதே பள்ளியில் ஆசிரியரானார். 1815-இல் நெப்போலியன் மீண்டும் ஆட்சிக்கு வந்தபோது, அவருக்கு எதிரான சிக்கார் இங்கிலாந்து சென்றார். மசியூவையும் கிளேரையும் உடனழைத்துச் சென்றார். லண்டனில் பெருங்கூட்டத்தின் முன், பார்வையாளர்கள் எழுதிக் கேட்ட வினாக்களுக்கு இருவரும் கரும்பலகையில் விடை எழுதினர். அறிவு, நம்பிக்கை, காலம் போன்ற நுண்பொருள்களைப் பற்றிய விடைகள் அவை. காண்டின் கருத்தைத் தகர்க்க வேறு வாதம் வேண்டியிருக்கவில்லை. ஆயினும் அந்தக் காட்சிகளில் ஒரு நெருடல் உண்டு. மனிதர்கள் மனிதர்களே என்று நிரூபிக்க மேடையேற வேண்டியிருந்தது!

கடல் நடுவே ஒரு வகுப்பு

அந்தக் கூட்டங்களில் ஓர் அமெரிக்க இளைஞர் வந்து அமர்ந்தார். தாமஸ் ஹாப்கின்ஸ் காலடெட் என்பது அவர் பெயர், இறையியல் பயின்றவர். ஹார்ட்ஃபோர்டு நகரில் அவருடைய வீட்டுக்கு அருகில் ஆலிஸ் காக்ஸ்வெல் என்ற சிறுமி இருந்தாள். இரண்டு வயதில் காய்ச்சலால் கேள்வியை இழந்தவள். மற்றக் குழந்தைகள் விளையாட, அவள் மட்டும் ஒதுங்கி நின்றதைக் கண்ட காலடெட், தம் தொப்பியைக் காட்டி, அதன் பெயரை மண்ணில் எழுதிக் காட்டினார். அவள் புரிந்துகொண்டாள். மருத்துவரான அவளது தந்தை நண்பர்களைத் திரட்டி, கற்பிக்கும் முறையை அறிந்துவரக் காலடெட்டை ஐரோப்பாவுக்கு அனுப்பினார்.

இங்கிலாந்தில் அக்கல்வி பிரெய்ட்வுட் என்ற ஒரு குடும்பத்தின் தொழில் இரகசியமாக இருந்தது. பல ஆண்டுகள் உதவியாளராக உழைக்க வேண்டும், முறையை வெளியிடக் கூடாது என்று நிபந்தனைகள் விதித்தார்கள். ஆலிஸ் அதற்குள் வளர்ந்துவிடுவாளே! காலடெட் பாரிஸ் சென்றார். அங்கே கதவு திறந்தே இருந்தது. மசியூவிடமும் கிளேரிடமும் சைகை மொழி கற்றார். கையிருப்பு குறைந்து நாடு திரும்ப வேண்டிய நிலையில், தம்முடன் வருமாறு கிளேரை அழைத்தார்.

கிளேருக்கு அப்போது 30 வயது. பிரான்சை விட்டுப் போவதில் தாய்க்கு விருப்பமில்லை; சிக்காருக்கும் மனமில்லை. மூன்றாண்டு ஒப்பந்தம் செய்துகொண்டு, 1816 ஜூன் 18 அன்று இருவரும் கப்பலேறினர். 52 நாள் பயணம். அந்த நாட்களில் நடந்ததே இவ்வரலாற்றின் அழகிய பகுதி. கேட்கும் காலடெட், கேளாத கிளேருக்கு ஆங்கிலம் கற்பித்தார். கிளேர், காலடெட்டுக்குச் சைகை மொழி கற்பித்தார். ஆங்கிலத்தில் நாட்குறிப்பு எழுதியே அம்மொழியில் கிளேர் தேறினார். இருவரும் குரு, இருவரும் சீடர். உதவுகிறவர் மேலே, உதவி பெறுகிறவர் கீழே என்னும் நிலை அங்கே எழவே இல்லை.

ஆகஸ்ட் 9 அன்று நியூயார்க் வந்திறங்கினர். ஹார்ட்ஃபோர்டில் ஆலிஸைக் கிளேர் சந்தித்தபோது, அவள் தன் வாழ்வில் முதன்முறையாகத் தன்னைப் போன்ற, படித்த ஒரு பெரியவரைக் கண்டாள். பின்னர் பல நகரங்களுக்குச் சென்று நிதி திரட்டினார்கள். கிளேர் எழுதிய உரைகளைக் காலடெட் படித்தார். மக்கள் எழுதிக் கேட்ட வினாக்களுக்குக் கிளேர் எழுதியே விடை தந்தார். கேளாமல் இருப்பது துயரமல்லவா என்று கேட்டவர்கள் பலர். ஒருபோதும் பெற்றிராத ஒன்றை இழந்ததாக ஒருவர் எப்படி வருந்துவார் என்ற கருத்திலேயே அவரது விடை அமைந்தது.

1817 ஏப்ரல் 15 அன்று ஏழு மாணவர்களுடன் பள்ளி தொடங்கியது. அமெரிக்காவில் காது கேளாதோருக்கு ஏற்பட்ட முதல் நிலையான பள்ளி அதுவே. கிளேர் கொண்டுவந்த பிரெஞ்சுச் சைகைகளும், மாணவர்கள் வீடுகளிலிருந்து கொண்டுவந்த சைகைகளும் கலந்தன. குறிப்பாக மார்த்தாஸ் வைன்யார்டு தீவிலிருந்து வந்த மாணவர்கள் தங்களுக்கென ஒரு சைகை மொழியுடனேயே வந்தார்கள். அத்தீவில் கேளாதோர் மிகுதி. எனவே கேட்கும் மீனவர்களும் உழவர்களும்கூடச் சைகையில் பேசினார்கள். அங்கே கேளாமை ஒரு குறையாகவே எண்ணப்படவில்லை. இந்தக் கலவையிலிருந்தே இன்றைய அமெரிக்கச் சைகை மொழி பிறந்தது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பேசுவது ஒரே ஆங்கிலம். ஆனால் அவ்விரு நாட்டுக் காது கேளாதோரின் மொழிகளும் முற்றிலும் வேறு. காரணம், அந்த 52 நாள் பயணம்.

1818-இல் கிளேர் வாஷிங்டன் சென்றார். நாடாளுமன்றத்தில் அவைத் தலைவர் ஹென்றி கிளே அவரைத் தம் அருகே அமரவைத்தார். குடியரசுத் தலைவர் மன்ரோவையும் கிளேர் சந்தித்தார். உரையாடலெல்லாம் எழுத்து மூலமே. அடுத்த ஆண்டு அலபாமாவில் 23,000 ஏக்கர் நிலம் பள்ளிக்கு மானியமாகக் கிடைத்தது. நாட்டின் தலைவர்களுக்கு ஒரு தாளையும் எழுதுகோலையும் எடுத்துக்கொள்ளத் தயக்கம் இருக்கவில்லை. இன்று ஒரு வங்கியிலோ மருத்துவமனையிலோ காது கேளாதவர் வந்து நின்றால், உடன் வந்தவரிடம் மட்டுமே பேசி அவரை விலக்கிவைப்பதைக் காண்கிறோம். அவரையே நேராகப் பார்த்துப் பேசலாம். மொழிபெயர்ப்பவர் இருந்தாலும் பார்வை அவரிடமே இருக்கலாம். முகத்தில் வெளிச்சம் படும்படி நிற்கலாம். முதுகுப்புறத்திலிருந்து கத்துவதைவிடத் தோளை மெல்லத் தொடுவது மேல். இவற்றுக்குப் பயிற்சி எதுவும் தேவையில்லை.

கிளேரின் இல்லறம்

தம்மிடம் பயின்ற, காது கேளாதவரான எலைசா போர்டுமன் என்ற பெண்ணை மணக்கக் கிளேர் விரும்பினார். காலடெட் தயங்கினார்; கேளாத இருவர் மணந்தால் குழந்தைகளும் அப்படியே பிறக்குமோ என்ற அச்சம். கிளேர் அதைப் பொருட்படுத்தவில்லை. 1819 மே மாதம் திருமணம் நடந்தது. பிறந்த குழந்தைகள் அனைவரும் கேட்கும் திறனுடையோர். சுவையானது அடுத்த செய்தி: தயங்கிய காலடெட்டே 1821-இல், அப்பள்ளியில் பயின்ற, காது கேளாத சோஃபியா ஃபௌலரை மணந்தார்!

மூன்றாண்டு ஒப்பந்தத்தில் வந்தவர் 41 ஆண்டுகள் கற்பித்தார். மூன்று முறை பிரான்ஸ் சென்று வந்தார். தாய்நாட்டின் நினைவு அவரை விட்டுப் போகவில்லை. அவரிடமும் அவர் மாணவர்களிடமும் பயின்றவர்கள் நாடெங்கும் சென்று பள்ளிகள் அமைத்தனர். 1858-இல் 72 வயதில் ஓய்வு பெற்றார். காலடெட்-சோஃபியா தம்பதியின் இளைய மகன் எட்வர்டு மைனர் காலடெட், தாயுடன் வாஷிங்டன் சென்று ஒரு பள்ளியை ஏற்று நடத்தினார். 1864-இல் அப்பள்ளி பட்டம் வழங்க அனுமதிக்கும் சட்டத்தில் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்டார். அக்கல்லூரியின் தொடக்க விழாவில் முதியவரான கிளேர் கலந்துகொண்டார். அதுவே பிற்காலத்தில் காலடெட் கல்லூரி ஆயிற்று. 1869 ஜூலை 18 அன்று கிளேர் ஹார்ட்ஃபோர்டில் காலமானார்.

மிலான் தீர்மானமும் அதன் நிழலும்

கிளேர் மறைந்த காலத்தில், அமெரிக்காவில் காது கேளாதோருக்குக் கற்பித்த ஆசிரியர்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டோர் தாமே காது கேளாதவர்கள். அவரது உண்மையான சாதனை இதுவே. 1880-இல் இத்தாலியின் மிலான் நகரில் கல்வியாளர் மாநாடு கூடியது. சைகையை விலக்கி, வாய்ப்பேச்சாலேயே கற்பிக்க வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது. வந்திருந்த 164 பேரில் காது கேளாதவர் ஒருவர் மட்டுமே. தொலைபேசியை உருவாக்கிய கிரஹாம் பெல் இக்கொள்கைக்குப் பெருந்துணை நின்றார். அவருடைய தாயும் காது கேளாதவர், மனைவியும் அப்படியே. அவருக்கு அன்பு இல்லை என்று கூற முடியாது. ஆனால் கேளாதோர் ஒருவரையொருவர் மணப்பதும், தங்களுக்குள் சமூகமாக வாழ்வதும் தீது என்று 1883-இல் அவர் வாதாடினார். அன்பு மட்டும் இருந்து, அன்புக்குரியவரைக் கேட்டறியும் வழக்கம் இல்லாவிட்டால், அதனாலும் துன்பம் விளையும்.

மாணவர்களின் கைகளைக் கட்டிப்போட்ட பள்ளிகளும் இருந்தன. 1917-க்குள் அமெரிக்காவில் காது கேளாத ஆசிரியர்களின் பங்கு ஏழில் ஒன்றாகச் சுருங்கியது.

நம் ஜாமினிநாத் வாஷிங்டன் சென்றது இந்தக் காலத்தில்தான். காலடெட் கல்லூரியில் 1891-இல் தொடங்கப்பட்ட ஆசிரியப் பயிற்சித் துறை, கேட்கும் திறனுடையோரை மட்டுமே சேர்த்துக்கொண்டது. அந்த விதிப்படி, கிளேரே வந்து நின்றிருந்தாலும் அவருக்கு அங்கே இடமில்லை! சைகை மொழி முற்றிலும் தடைசெய்யப்படாத அரிய இடமாகவும் அக்கல்லூரி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஜாமினிநாத் திரும்பி வந்து கொல்கத்தாவில் பள்ளியையும் ஆசிரியப் பயிற்சியையும் வளர்த்தார். ஆனால் இந்தியப் பள்ளிகள் பொதுவாக வாய்ப்பேச்சுக் கொள்கையையே பின்பற்றின. வகுப்பில் உதட்டைப் பார். கையை அசைக்காதே என்பது விதி. விடுதியிலும் விளையாட்டு மைதானத்திலும், பெரிய மாணவர் சிறிய மாணவருக்குச் சைகை மொழியைக் கற்றுக்கொடுத்தார்கள். மொழி அப்படித்தான் பிழைத்தது.

நம் நாட்டின் சைகை மொழி

கிளேரின் மொழி இந்தியாவுக்கு வரவில்லை. வரத் தேவையும் இல்லை. இங்கே தனி மொழி வளர்ந்திருந்தது. 1977-இல், காது கேளாதவரும் இந்தியரும் ஆகிய மதன் வாசிஷ்டா, அமெரிக்க மொழியியலாளர்களுடன் டெல்லி, கொல்கத்தா, மும்பை, பெங்களூரு நகரங்களில் சைகைகளைத் திரட்டி ஆராய்ந்தார். சொற்களில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஒன்றோடொன்று தொடர்புடையவை என்று தெரியவந்தது. பேச்சுமொழியில் வங்காளமும் கன்னடமும் தொலைவில் நிற்க, அவ்வூர்களின் காது கேளாதோர் தங்களுக்குள் பேசிப் புரிந்துகொள்ள முடிகிறது! ஆண்டுகள் கழித்து, கொல்கத்தா வழக்குக்கென்றே தனி நூலும் வெளிவந்தது.

இம்மொழியின் இலக்கணம் வங்காளத்தையோ இந்தியையோ ஆங்கிலத்தையோ பின்பற்றுவதில்லை. வினாச்சொல் வாக்கியத்தின் இறுதியில் வரும். காலத்தைக் குறிக்கும் சொல் பெரும்பாலும் முதலில் வரும். கொடுத்தல் என்ற சைகை, கொடுப்பவரிடமிருந்து பெறுபவரை நோக்கி நகரும். யார் யாருக்குக் கொடுத்தார் என்பதற்குத் தனிச்சொல் வேண்டியதில்லை. புருவமும் முகமும் வினாவையும் மறுப்பையும் காட்டும். ஆகவே கைகளை மட்டும் பார்ப்பவருக்குப் பாதிச் செய்தியே கிடைக்கும்.

காது கேளாதோரின் கைகளைக் கண்டதும் நாட்டிய முத்திரைகளையும், மௌனத்தால் உபதேசித்த தட்சிணாமூர்த்தியையும் நினைவுகூர்வோர் நம்மிடையே உண்டு. பக்தியால் எழும் ஒப்புமை அது, ஆயினும் பொருந்தாது. மௌனம் என்பது பேச்சைக் கடந்த நிலை. கரியாஹாட்டில் மீனுக்கு விலை பேசும் காது கேளாத பெண் மௌனத்தில் இல்லை. பேசிக்கொண்டிருக்கிறார், பேரமும் செய்கிறார். அவரைத் தெய்வீக அமைதியின் உருவமாக்குவதும், ஊமை என்று ஒதுக்குவதும், அவர் சொல்வதைக் கவனிக்காமல் விடுவதில் ஒன்றே.

2001-இல் கோயம்புத்தூர் இராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம் இந்தியச் சைகை மொழி அகராதியை வெளியிட்டது. 12 மாநிலங்களில் 42 நகரங்களின் காது கேளாதோரிடமிருந்து சைகைகள் திரட்டப்பட்டன. 2015-இல் மத்திய அரசு டெல்லியில் இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையத்தை நிறுவியது. அதன் அகராதி 2018-இல் 3,000 சொற்களுடன் தொடங்கி, 2021-இல் 10,000 சொற்களாக வளர்ந்தது. 2010-இல் கனடாவின் வான்கூவரில் கூடிய சர்வதேச மாநாடு, மிலான் தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. 130 ஆண்டுகள் ஆயின.

2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் கேட்கும் திறனில் குறைபாடுடையோர் ஏறத்தாழ 50 இலட்சம். அவர்களுக்காக நடைபெறும் படிப்புகளில் ஒன்று, சைகை மொழி ஆசிரியர்களை உருவாக்கும் பட்டயப் படிப்பு. அதில் சேர்வோர் காது கேளாதோர். அவர்கள் பயிற்சி முடித்து வகுப்பில் நிற்கும்போது, எதிரே அமர்பவர்களில் கேட்கும் திறனுடையோரும் இருக்கிறார்கள்: பெற்றோர், ஆசிரியர், மொழிபெயர்ப்பாளராக விரும்புவோர். அங்கே வாய்ப்பேச்சுக்கு வேலையில்லை. ஆசிரியர் கையை உயர்த்துகிறார். கேட்பவர்கள் கண்ணால் கற்கிறார்கள், அன்று கப்பலில் காலடெட் கற்றதைப் போலவே.